மாப்பிள்ளையின் பென்சில் குறிப்பு

அன்பு மாப்பிள்ளை லாரன்ஸ்,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. லாபு தோட்டத்துச் சர்ச்சுக்குப் புதுக் கூரை போட்டுவிட்டார்கள். மழை பெய்தாலும் இப்போது பாட்டு கேட்கிறது. உன் டேங்கர் லாரியை வேறு ஒருவர் ஓட்டுகிறார். நான் எண்ணெய் ஆலையில் இன்னும் செம்பனைக் குலைகளை எடை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

லாரி ரேடியோவில் கேட்டதாகச் சொல்லி ஒரு ஜெர்மன் கன்டாட்டாவின் இசைத்தாளோடு வந்து நின்றாய். முந்நூறு வருடத்துக்கு முந்தைய சர்ச் குழுப்பாட்டு, சாவைப் பற்றியது. பாடகர்கள் வாய் திறக்கும் முன் இரண்டு ரெக்கார்டர் குழல்கள் தொடங்கிவைக்கும். "ரெண்டு பேருதான் வேணும் மச்சான். நாம ஸ்கூல்ல ஊதினதுதானே லா" என்றாய். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்டிக் ரெக்கார்டர் ஊதியவர்கள் நாம். ஐம்பது வயதில் மரத்தில் செய்தது இரண்டு வாங்கி வந்தாய். பாடகர் குழு சிரித்தது. உன் மனைவி, என் தங்கை மெர்சியும் விடவில்லை: "புருஷனும் அண்ணனும் மறுபடி ஸ்டாண்டர்ட் ஃபோருக்குப் போறாங்க."

ஒரு வருடம், ஞாயிறுதோறும் பழகினோம். பெரிய வெள்ளியன்று வாசித்தபோது சிரித்தவர்களே அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நீண்ட சுரம் ஒன்றில் உன் குழல் நின்றது. எனக்குக் கேட்டது. நான் நிறுத்தவில்லை. உன் வரியையும் முடிந்தவரை பிடித்துக்கொண்டு முடித்தேன்.

வெளியே வந்ததும், "நான் நின்னுட்டேன்னு தெரிஞ்சும் நீ பாட்டுக்குப் போயிட்ட" என்றாய்.

"சர்ச்ல பாதியில நிறுத்த முடியுமா லா?"

"போ மச்சான்."

அதன்பின் நீ என்னிடம் பேசவில்லை. நுரையீரலில் கட்டி என்று மெர்சி சொன்னபோது நீ சிரம்பான் மருத்துவமனையில் இருந்தாய். வந்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது கட்டில் காலி.

அடக்கத்தன்று ஊதச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன்.

போன மாதம் மெர்சி உன் இசைத்தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூச்சு எடுக்கும் இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்திருந்தாய். அந்த நீண்ட சுரத்தின் மேல் உன் கையெழுத்து: "இங்க மூச்சு பத்தாது. மச்சான் பாத்துக்குவான்." பக்கத்தில், கடைசி ஒத்திகை என்றும் எழுதியிருந்தாய்.

அப்படியென்றால் உனக்கு முன்பே தெரியும். நான் செய்ததும் நீ நம்பியிருந்ததுதான். பிறகு ஏன் கோபம்? என் மேலா, உன் மூச்சின் மேலா? மெர்சியிடம் கேட்டேன். "அவருக்குப் பயம்ண்ணே. உன்கிட்ட காட்டிக்க வெட்கம்" என்றாள். இருக்கலாம். நீ சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது அவள் உன் குழலை எடுத்திருக்கிறாள். சுண்டுவிரல் கீழ்த்துளையைச் சரியாக மூடுவதில்லை, சத்தம் பிசிறடிக்கிறது. நேற்று நான்கு வரி சேர்ந்து ஊதினோம். அடக்கத்தன்றுகூட அழாதவள் குழலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முதல்ல இருந்து வாசிப்போம்ண்ணே" என்றாள்.

வரும் பெரிய வெள்ளியன்று அவள் உன் பகுதியை வாசிப்பாள். நான் பக்கத்தில் இருப்பேன், மாப்பிள்ளை. இது என் வாக்கு.

உன் மெர்சியின் அண்ணன்,
தேவதாஸ்