மெழுகு குடித்த போல்ட்

மாப்ளே,

இன்று காலை மலையடிவாரக் காரவள்ளியில் நம் வண்டியில் ஏறிய மலைக்காரர் ஒருவர், உள்ளே இடமில்லை என்று தேன்மெழுகு மூட்டையை இஞ்சின் மூடிமேல் வைத்துக் கட்டிவிட்டார். சேந்தமங்கலம் வருவதற்குள் மெழுகு இளகி, இடுக்கு வழியாகச் சூடான இரும்பில் சொட்டி, ஒரே வாசனை. "ஏனுங்க பாய், வண்டி தீஞ்சு போகுதுங்களா?" என்று அவர் பதறினார். நான் ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நீ இருந்திருந்தால் என்னைவிடப் பெரிதாகச் சிரித்திருப்பாய்.

இந்த வண்டியை நாம் கட்டத் தொடங்கியபோது அதை வண்டி என்று சொல்ல யாருக்கும் வாய் வந்திருக்காது. காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்த, துருவேறிய இஞ்சினோடு கிடந்த ஒரு மோட்டார் கூடு. இருக்கையில் கோழி முட்டையிட்டிருந்தது. என் வாப்பாவின் மிளகுக் கிடங்கு ஓரத்தில் தள்ளிவந்து போட்டோம். நீ மலைமேல் எடப்புளி நாட்டிலிருந்து மிளகு மூட்டையோடு இறங்குவாய். எடை போட்டு முடிந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையில் இறங்கிவிடுவாய். பலகை அறுத்து வண்டிக்கு உடம்பு செய்தது நீ. சேலத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் கொஞ்ச காலம் இருந்த தைரியத்தில் இஞ்சின் என் பொறுப்பு.

அந்தச் சமயத்தில்தான் உனக்குப் பொன்னாயியைப் பேசி முடித்தார்கள். அவள் நகை கேட்கவில்லை. ரயிலைப் பார்க்க வேண்டும் என்றாள். நீ ஊர் கூடியிருந்த இடத்தில், "கல்யாணம் முடிஞ்ச கையோட நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாய். நம்ம வண்டி அப்போது துண்டு துண்டாகச் சாக்கின்மேல் கிடந்தது.

இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினால்தான் உள்ளே வேலை பார்க்க முடியும். அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் முனகிக்கொண்டே ஒவ்வொன்றாக வந்தன. கடைசி ஒன்று மட்டும் அடம்பிடித்தது. நீ ஸ்பேனரில் இன்னும் கொஞ்சம் கனம் கொடுத்தாய். டக் என்றது. போல்ட்டின் தலை கீழே உருண்டது. மிச்சம், பிளாக் எனும் இஞ்சினின் அடி இரும்புக்குள், பிடித்துத் திருக நுனிகூட இல்லாமல் சமமாக முறிந்து நின்றது.

"போனது ஒரு போல்ட்டுதானே மாமா?" என்றாய்.

"அத எடுக்கறதுக்குள்ள பிளாக்குல கீறல் விழுந்தா இஞ்சினே போச்சு. இதுமாதிரி இன்னொண்ணு சேலத்துலயும் கெடைக்காது."

நீ மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்து வந்தாய்.

ஊற்றி ஊறவிட்டோம். துருவுக்குள் அது இறங்கவே இல்லை. மறுநாள் நான் கையால் சுற்றும் டிரில்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, உப்பு வாங்க இறங்கிய பொன்னாயியும் அவள் அம்மாவும் வாசலில் வந்து நின்றார்கள்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இதுங்களா அந்த வண்டி?"

"ஆமாங்க அத்தை."

"சக்கரம் எங்கீங்க?"

"அது அந்த மூலையில இருக்குதுங்க."

பொன்னாயி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. "ஆகாததை ஊர் முன்னால சொல்றவருக்குப் புள்ளையக் குடுக்கலாமான்னு அவங்கப்பன் கேக்கறாருங்க. நான் போய் என்னத்தச் சொல்லட்டும்?"

"இருந்து பாத்துட்டுப் போய்ச் சொல்லுங்க" என்றாய். இரண்டு மிளகு மூட்டைகளை இழுத்து அவர்கள் உட்காரப் போட்டாய்.

முறிந்த போல்ட்டின் நட்டநடுவில் புள்ளி அடித்து, மெல்லத் துளை போட்டேன். டிரில் முனை சூடேறிக் கீச்சிட்டது. எண்ணெய் தீர்ந்திருந்தது. அத்தை விற்கக் கொண்டுவந்திருந்த தேன்மெழுகில் நீ ஒரு துண்டு கேட்டாய். மனசே இல்லாமல் கிள்ளிக் கொடுத்தார். அதைத் தடவியதும் முனை வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. பிறகு தீ பீய்ச்சும் ஊதுவிளக்கால் அந்த இடத்தைச் சூடாக்கினேன். மிச்ச மெழுகை நீ போல்ட்டின் ஓரத்தில் வைத்தாய்.

"அது எதுக்கு?"

"மண்ணெண்ணெய் போகாத எடத்துல இது போகுதான்னு பாக்கலாம் மாமா."

மெழுகு உருகி ஒரு வளையம்போல் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது.

"குடிச்சிருச்சுங்க" என்றாள் பொன்னாயி, மெல்ல.

ஆறியதும், பழைய அரத்தின் சதுரமான வாலைத் துளைக்குள் தட்டி இறக்கினேன். அது உள்ளேயே முறிந்தால் பிறகு வழியே இல்லை. ஸ்பேனரை மாட்டி உன்னிடம் கொடுத்தேன். நீ என்னைப் பார்த்தாய். முந்தைய நாள் முறித்த கைக்கே கொடுக்கிறானே என்று நினைத்திருப்பாய். வாங்கிக் கால்வாசி முன்னே, கால்வாசி பின்னே என்று தூங்கும் குழந்தையின் விரலைப் பிரிப்பதுபோல் திருகினாய்.

"அசையுது மாமா."

"பேசாத."

அது சுற்றிச் சுற்றி ஏறி வந்து உன் உள்ளங்கையில் விழுந்தது. பிளாக்கில் ஒரு கீறல் இல்லை. நீ என்னைத் தூக்கிச் சுற்றியதில் நான் மிளகு மூட்டையில் போய் மோதினேன். அத்தை அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனூண்டுக்குத்தான் ரெண்டு பேரும் மூச்சப் புடிச்சிட்டு இருந்தீங்களா?" என்றார். போகும்போது உன்னிடம், "சக்கரத்தச் சீக்கிரம் மாட்டுங்க சாமி, நானும் ரயிலு பாத்ததில்லை" என்றார்.

கல்யாணம் முடிந்து எல்லோரும் சேலத்துக்குப் போனோம். ரயில் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து நின்றது. பொன்னாயி நெடுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம வண்டிக்கு இத்தன சத்தம் இல்லீங்க" என்றாள். உன் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்தது என்று நான் பார்த்தேன்.

போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று; மலைமேலேயே அடக்கம் செய்தோம். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரிப்புகையில் ஓட்டப் பின்னால் ஒரு கரி அடுப்பு கட்டியிருக்கிறேன். நீ இருந்தால் அதில் மரவள்ளிக்கிழங்கு சுட்டிருப்பாய்.

சென்ற வாரம், ஊருக்குப் புதிதாக வந்த போலீஸ்காரர் வழியில் நிறுத்தி, "வண்டி யாருது?" என்று கேட்டார்.

"எங்களுதுங்க."

எட்டிப் பார்த்தார். என் பக்கத்தில் ஒரு பலாப்பழம்தான் இருந்தது. "எங்களுதுன்னா?"

"எனக்கும் என் மாப்ளைக்குமுங்க. அவரு மலைமேல இருக்காரு" என்றேன்.

சரி என்று தலையாட்டிப் போகச் சொன்னார். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.