ஏழாவது மாடியில் ராஜா இல்லை

மகனுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய், உன்னைப் போன்றவர்களுக்கு ஒன்றும் வருவதில்லை. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கடையில் எரிந்த மோட்டார்கள் வரிசையில் கிடக்கின்றன, எனக்குக் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. வீங்கியதற்குக் காரணம் நீ. போனில் சொன்னால் சிக்னல் இல்லம்மா என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன், கடைசிவரை படி.

அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியையும் விளக்குக்காரன் கேசட்டையும் ஏன் எட்டு மாதமாக அனுப்பவில்லை என்று கேட்கிறாய். உன் ஆபீஸில் யாரும் கேள்விப்படாத கேமாம், பதிமூன்று வயதில் அதை நீ முடித்த கதையைச் சொன்னால் வாயைப் பிளக்கிறார்களாம். அந்தக் காலத்தில் கேசட் வாடகைக் கடைக்காரர் அதை நமக்குச் சும்மாவே கொடுத்தார், வாங்கிட்டுப் போறவங்க எல்லாரும் திட்டிட்டே திருப்பிக் குடுக்கிறாங்கக்கா, நீங்களே வச்சுக்கோங்க என்று. அனுப்புமுன் ஓடுகிறதா என்று பார்ப்பது என் தொழில் புத்தி. பெட்டியைப் பிரித்து, துருவைச் சுரண்டி, அறுந்த ஒயரைப் பற்றவைத்து டிவியில் மாட்டினேன். கையில் ஒரு விளக்கு, மூன்று உயிர், ஏழு மாடி, மூன்றும் போனால் மறுபடி தரைத்தளம். முதல் வாரம் இரண்டாவது மாடியைக்கூடப் பார்க்கவில்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்ட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எரிந்ததைப் பிரித்துச் சுற்று எண்ணித்தான் கற்றேன். இதையும் அப்படியே எண்ணினேன், எத்தனை அடியில் வௌவால் வரும், எத்தனை அடியில் படி இடியும் என்று. அப்பா முதலில் உனக்கென்ன பைத்தியமா என்றார், பிறகு அவரே பக்கத்தில் உட்கார்ந்து குதி, குதி என்று உயிரை வாங்கினார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏழாவது மாடிக் கதவு திறந்தது. ராஜா வரவில்லை, கிரீடமும் வரவில்லை. விளக்கு அணைந்து, விளக்குக்காரன் மறுபடி தரைத்தளத்தில் நின்றான். அத்தனையையும் இருட்டில் இன்னொரு முறை ஏற வேண்டும்.

இப்போது ஞாபகம் வருகிறதா? முதலில் முடிக்கிறவருக்கு மேல் அறை என்று சொன்னவள் நான். நீ ஓடி வந்து, முடிச்சிட்டேம்மா, ராஜா எழுந்து வந்து கிரீடம் வச்சாரு என்றாய். உன் அக்காதான், பொய்ம்மா, கதவு திறந்தா லைட்டு அணைஞ்சு கீழேருந்து ஆரம்பிக்குது, இவன் அங்க போகவே இல்ல என்றாள். போய் வந்தவளுக்குத்தானே அது தெரியும் என்று எனக்கு அன்று உறைக்கவில்லை. பொறாமை பிடித்தவளே என்று திட்டி, உன் முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தேன். நீயும் போனாப் போகுதுக்கா என்று சிரித்துக்கொண்டே மன்னித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. அவள் கல்யாணமாகிப் போகும்வரை ஒன்பது வருடம் நீ மேல் அறையில் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்கினாய், அவள் கீழே கடையில் வார்னிஷ் நாற்றத்தில் பழைய மோட்டார்களுக்கு நடுவே படுத்தாள்.

ஏழாவது மாடிக் கதவு திறந்த மறுநாளே அக்கா வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இப்பதான் ஏழாவது மாடிக்கு வந்தியாம்மா, நான் வந்து இருபத்திரண்டு வருஷமாச்சு என்றாள். மேல் அறைச் சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. ரூம் எனக்கு எதுக்கு, அன்னைக்கு என்கிட்டருந்து வாங்கின மன்னிப்பை நீயும் தம்பியும் திருப்பிக் குடுங்க, போதும் என்றாள். என் பங்கை அங்கேயே கொடுத்துவிட்டேன். எப்படிக் கொடுத்தேன் என்பது உனக்கு வேண்டாத விஷயம்.

சின்ன வயசும்மா என்று ஆரம்பிக்காதே. ஆபீஸில் அதே கதையை அளந்தபோது உனக்கு முப்பத்தைந்து. பெட்டி அங்கே வராது. சனிக்கிழமை அக்கா வந்தாள், நான் அடி எண்ணிச் சொல்ல, இருட்டில் மூன்றாவது மாடிவரை ஏறினாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, நன்றாக இரு. எத்தனை கோபம் இருந்தாலும் பெற்றவள் வாயில் இதுதான் வருகிறது. பதிலை எனக்கு எழுதாதே, அக்காவுக்கு எழுது. அதில் ராஜா வரக் கூடாது.

அன்று உன்னை நம்பிய
அம்மா