புரட்டாசித் தீனி

18.9.2014, வியாழன்
புரட்டாசி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் கறிக்கடையில் ஈதான் ஓட்ட வேண்டும். கோழி சீக்கிரம் எடை ஏறினால் வாங்க ஆளில்லை. கம்பெனி உத்தரவு: ஏழு நாளைக்குத் தீனியில் கால் பங்கு குறை. எலவனாசூர்கோட்டை ராஜாம்பாள் கொட்டகையில் தொடங்கினேன். பதினொரு நாள் குஞ்சுகள், நாலாயிரம். புருஷன் இல்லாதவள், கம்பெனி தரும் குஞ்சை வளர்த்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. சூப்பர்வைசர் நான் எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்கு அடுத்த குஞ்சு இறங்கும். என்ன சொன்னாலும் தலையாட்டுவாள்.

25.9
ஒன்றும் சாகவில்லை. முன்னைவிடச் சுறுசுறுப்பு. சின்னதில் கொஞ்ச நாள் வயிற்றைக் காயப்போட்டால் நல்லது என்று பயிற்சியில் சொன்னது சரிதான். பிறகு ஏன் நிறுத்த வேண்டும்? பாதியாக்கினேன், புரட்டாசி முடியும்வரை. ஆபீசைக் கேட்கவில்லை.

"பாதிதானுங்களா சார்? பசியில ஒண்ண ஒண்ணு கொத்திக்கினு கெடக்குதுங்க."

"நானுந்தான் பெருமாளுக்கு ஒரு வேள சாப்புடறேன். செத்தா பூட்டேன்?"

அவள் சிரிக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

1.10
தண்ணீரில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து கலந்து வைத்தோம். "பசியில கெடக்கற ஒடம்புல மருந்து புடிக்குங்களா?" என்றாள். நீ டாக்டரா என்று கேட்டேன்.

வீட்டில் பயிற்சிக் குறிப்பைப் புரட்டினேன். அவள் கேட்டதுதான் எழுதியிருந்தது: நெடுநாள் பட்டினி கிடந்த கோழிக்கு எதிர்ப்புச் சக்தி வராது. மூடி வைத்தேன். அவளிடம் போய் நான் தோற்பதா?

4.10
மூன்றாம் சனி. தளிகை. சர்க்கரைப் பொங்கல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

7.10
வெள்ளைக்கழிச்சல். காலையில் அறுபது, மாலைக்குள் முந்நூறு. கழுத்து திருகிக்கொண்டு விழுகின்றன. முழுத் தீனி கொட்டச் சொன்னேன். ஒன்றும் தலை தூக்கவில்லை.

10.10
மூவாயிரத்துக்கு மேல் குழியில். சுண்ணாம்பு தூவிக்கொண்டே கேட்டாள்: "நீங்க சொன்னதத்தான செஞ்சேன் சார்? ஆபீசுல சொல்லுவீங்க இல்ல?"

சொல்வேன் என்றேன்.

13.10
அறிக்கை கொடுத்தேன். 'உத்தரவுப்படி ஏழாம் நாளே முழுத் தீனிக்கு மாற்றச் சொல்லப்பட்டது. கேட்கவில்லை. பராமரிப்பு மோசம். இனி குஞ்சு தர வேண்டாம்.'

வேற இன்னா பண்றது? என் வேலையும் போவணுமா? எனக்கும் ரெண்டு பொண்ணுங்க—

27.10
பஸ் நிலையத்தில் ராஜாம்பாள். ஒதுங்குவதற்குள் பார்த்துவிட்டாள். கும்பிட்டாள்.

"எனக்காவ பேசனதுக்கு நல்லா இருப்பீங்க சார். கொட்டாய கழுவி வெள்ளையடிச்சி வெச்சிக்கினு இருக்கேன். குஞ்சு எப்ப எறங்கும்?"

தை மாதம் பார்க்கலாம் என்று சொல்லி பஸ் ஏறினேன்.