அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது?

ஜூலை 3
இலக்கிய டீச்சர் இன்று அகப்பாடல் எடுத்தார். மகள் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். அதைத் தாய் ஒரு மாதிரி சொல்கிறாள், தோழி வேறு மாதிரி சொல்கிறாள். யாருக்கும் பெயர் கிடையாது. சொல்கிறவர் மாறினால் கதையே மாறிவிடும் என்றார். வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை இன்னொருவர் வாயால் எழுதுங்கள்.

பெயர் வேண்டாம் என்றதும் தைரியம் வந்துவிட்டது. அக்கா போன நாளை அக்காவே சொல்வதுபோல எழுதப் போகிறேன். எட்டு மாதமாக எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்காத விஷயம்.

ஜூலை 5
நான்கு பக்கம். கை வலிக்கிறது. நன்றாகத்தான் வந்திருக்கிறது.

ஜூலை 10
நோட்டு திரும்பி வந்தது. கடைசியில் சிவப்பு மையில்: "மொழி நன்று. ஆனால் மகள் கல்லூரிக்குப் போவதை நிறுத்தியது அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது? இந்த இடம் ஓட்டை. திருத்தி எழுதி, வீட்டில் ஒரு பெரியவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வா."

கல்லூரியிலிருந்து கடிதம் வந்ததாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அம்மாவும் அக்காவும் அப்படித்தானே நம்புகிறார்கள்?

"கடிதம் தானா வந்து விழுந்தா அது எழுதறவங்களுக்குச் சௌகரியம். கதையில இருக்கற ஒருத்தராலதான் அது நடக்கணும்" என்றார் டீச்சர்.

காது சூடாகிவிட்டது. அவருக்குத் தெரியுமா? எப்படித் தெரியும்?

ஜூலை 11
சரி, இங்கேயாவது எழுதுகிறேன். சொன்னது நான்தான்.

அக்கா என்னை மட்டும் நம்பிச் சொன்னாள் — பாடம் மண்டையில் ஏறவில்லை, பேக்கரியில் வேலைக்குப் போகிறேன், நேரம் பார்த்து அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று. ஒருநாள் என் சிநேகிதிகள் முன்னால் என்னைத் திட்டினாள். அந்த ஆத்திரத்தில் அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன். அவ்வளவு அற்பக் காரணம். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அப்பா சொல்வார்னு எனக்கென்ன தெரியும்? தெரியாதா? கொஞ்சம் தெரியும்.

அப்பா என் பெயரை எடுக்கவில்லை. கடிதம் வந்தது என்று அவராகவே சொல்லிவிட்டார்.

ஜூலை 14
உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். கையெழுத்துக்கு யாரிடம் போவது? அம்மா அழுவாள். அப்பா — முடியாது. அக்காவும் பெரியவள்தானே.

ஜூலை 16
பேக்கரியின் பின்வாசல். அக்கா முழங்கைவரை மாவோடு வந்தாள். வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினாள். நோட்டை நீட்டினேன். நின்றபடியே படித்தாள். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. அந்தப் பத்தியை மறுபடி மேலிருந்து படித்தாள்.

"நீதானா?"

தலையாட்டினேன்.

என் பேனாவை வாங்கி, கடைசிப் பக்கத்தில் 'திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்' என்பதை அடித்தாள். ஓரத்தில் என்னவோ எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"கோபம் போகலடி. அது போறப்ப சொல்றேன். இப்ப கிளம்பு."

பஸ்ஸில் உட்கார்ந்துதான் படித்தேன். 'பஸ் ஸ்டாப்பில் இரண்டு மணி நேரம் நின்றேன். அப்பா வந்து கூப்பிடுவார் என்று நினைத்தேன்.'

ஜூலை 17
நோட்டை டீச்சரிடம் கொடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அப்பா உட்காரும் இடத்தில் வைத்துவிட்டேன்.

ஜூலை 19, ஞாயிறு
இரண்டு நாளாக நோட்டைக் காணோம். அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்குக் கண் வீங்கியிருக்கிறது.

இன்று காலை அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அவளுக்கு வேலை எத்தனை மணிக்கு முடியும்?"

பன்னிரண்டுக்கு என்றேன்.

"நீயும் வா. எனக்கு வழி தெரியாது."

மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை. அம்மா தலை வாரிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார்.