டோஸ்டின் கடைசி நான்கு ஓட்டங்கள்

6 ஆகஸ்ட், புதன்

மன்னித்துக்கொள் நோட்டே, இவ்வளவு நேரம் கழித்துத்தான் உன்னைத் திறக்க முடிகிறது. ஈடிக்குப் பல் முளைக்கிறது. தோளில் போட்டு நடந்து நடந்து இப்போதுதான் தூங்கினாள். தொட்டிலுக்குக் கீழே எங்கள் பந்தய நாய் டோஸ்ட். எத்தனை தடவை விரட்டினாலும் அங்கேயே வந்து படுக்கிறான்.

இன்று ஃபார்ம் கைடு, அதாவது நாய்களின் முந்தைய ஓட்டங்களைப் போட்டிருக்கும் பந்தயத் தாள், படிக்க உட்கார்ந்தேன். நாய்ப் பந்தயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று வருடம், இன்னும் அந்தத் தாள் பிடிபடவில்லை. "காலேஜ் படிச்சவ, இத படிக்க மாட்டியா?" என்றான் என் கணவன் ப்ரோடி. டோஸ்டின் பெயருக்கு எதிரே 2, 3, 5, 7. கடைசி நான்கு ஓட்டங்களில் வந்த இடம். மின்னஞ்சல் மாதிரி, புதியது முதலில். ஏழிலிருந்து இரண்டுக்கு ஏறிவிட்டான். இந்தப் பருவம் முடிந்ததும் அவனுக்கு ஓட்டம் கிடையாது, சோபாதான் என்று ப்ரோடி வாக்குக் கொடுத்திருக்கிறான்.

7 ஆகஸ்ட்

மாமனார் கெல் கொட்டகையில் நாய்களுக்குக் கங்காரு இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார். டோஸ்ட் ஏறிவிட்டான் என்று சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தலகீழா படிச்சிட்டியேம்மா. கடைசில இருக்கறதுதான் போன வாரம். உன் கணக்குல கல்யாணம் முடிஞ்சப்புறம்தான் நிச்சயதார்த்தம் போல."

ப்ரோடியும் சிரித்தான். நானும் சிரித்தேன். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. அப்படியானால் அவன் இறங்கிக்கொண்டே போகிறான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு நேரம் போட்டிருக்கிறார்கள்: முதல் வளைவை எட்டியது, முடித்தது. முதல் நேரம் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். புறப்படும் பெட்டியிலிருந்து அம்பாகத்தான் பாய்கிறான். வளைவில்தான் எல்லாம் போகிறது. பக்கத்தில் பொடி எழுத்தில், "வளைவில் வெளியே விலகினான்." மூன்று ஓட்டங்களுக்கு அதே வரி.

கெல்லிடம் கேட்டேன். "வெளிக்கோடில எட்டாம் பெட்டி கெடச்சா எந்த நாயும் வெளியதான் போகும். வர்ற சனிக்கிழம ஒண்ணாம் பெட்டி. உள்வேலிய ஒட்டியே ஓடுவான், பாரு."

"போன வாரம் ரெண்டாம் பெட்டி. அப்பவும் வெலகிட்டான்."

அதுவும் அதே தாளில்தான் இருக்கிறது. கெல் வானத்தைப் பார்த்து, மழை வரும் போல என்றார்.

13 ஆகஸ்ட், புதன்

எரிகிறது. எழுதினால்தான் அடங்கும்.

கெல் போனில் யாரிடமோ: "ஏழாவதா வந்த நாய எவன்யா சீந்துவான்? ஜெயிச்சா ஒண்ணுக்கு இருபது குடுப்பான் புக்கி. ஒண்ணாம் பெட்டி வேற. நீயும் அவன் மேல கொஞ்சம் பணம் போடு."

அவன் தோற்பது இவர்களுக்கு வசதி! ஃபார்ம் கெடக் கெட, அவன் மேல் கட்டிய பணத்துக்குக் கிடைக்கும் விலை ஏறுகிறது.

ட்ராக் இடப்பக்கமாகவே வளைகிறது. பாரம் முழுக்க வலது பின்னங்காலில். அந்தக் கணுவைப் பிடித்துப் பார்த்தேன். சத்தமில்லை, என் கையை நக்கினான். இடதைப் பிடித்தேன் — நக்கவில்லை. மறுபடி வலது — நக்கினான்.

"கால் வலிக்குது அவனுக்கு. அதான் வெலகறான்," என்றேன் ப்ரோடியிடம்.

"ஒரு வாரம் கைடு படிச்சதுல வைத்தியம் வந்துடுச்சா?"

"படின்னு சொன்னது யாரு?"

"அப்பா தடவிப் பாத்துட்டார், மெக். ஒண்ணுமில்ல. விடு."

பார்த்துவிட்டார். பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றியது அவருக்கு?

15 ஆகஸ்ட்

இவனை நம்பித்தான் பிள்ளை பெற்றேனா?

16 ஆகஸ்ட், சனி

ஓடப்போகும் நாய்களை ட்ராக் வைத்தியர் முதலில் தொட்டுப் பார்ப்பார். வரிசையில் ப்ரோடி. பின்னால் நான், இடுப்பில் ஈடி. அந்தம்மா டோஸ்டின் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "அடுத்தது" என்றார்.

"வலது பின்னங்கால மடக்கிப் பாருங்க," என்றேன்.

ப்ரோடி திரும்பவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

மடக்கினார். டோஸ்ட் அவர் கையை நக்கினான்.

"நல்ல பிள்ளை," என்று சிரித்தார்.

"இல்ல. வலிச்சா நக்குவான். கத்த மாட்டான்."

அவர் சிரிப்பு நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். டோஸ்ட் அப்படியே உட்கார்ந்துவிட்டான், தொடை நடுங்க. அவனை ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வண்டியருகே கெல்: "ஊரு முன்னால நிக்க வெச்சிட்டியேம்மா. வீட்ல ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

வீட்டில்தானே சொன்னேன். வீட்டில்தானே கத்தினேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. எலும்பில் மயிரிழை விரிசல். இன்னொரு வளைவு ஓடியிருந்தால் ஒடிந்திருக்கும் என்றார்கள். ட்ராக்கில் கால் ஒடிந்த நாயைப் பெரும்பாலும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை, அங்கேயே ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். படத்தை ப்ரோடிக்கு அனுப்பினேன். சனிக்கிழமையிலிருந்து அவன் அப்பா வீட்டில் இருக்கிறான்.

21 ஆகஸ்ட், வியாழன்

சோபாவில் டோஸ்ட், காலில் பச்சைக் கட்டு. அவன் காதைப் பிடித்தபடி தூங்கிவிட்டாள் ஈடி.

சாயங்காலம் ப்ரோடியிடமிருந்து செய்தி: "காலையில பூட்ஸ் எடுக்க வரேன். எக்ஸ்ரே படத்த அப்பா ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தார்." அப்பா பார்த்தாராம். தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இந்த நோட்டைத் திறந்தபடி அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன். ப்ரோடி, உன் பூட்ஸ் பக்கத்திலேயே இருக்கும். முதல் பக்கத்திலிருந்து படி. கடைசியில் இருப்பதுதான் இன்றைய நிலவரம். கோபம் இன்னும் போகவில்லை. சனிக்கிழமை செய்ததற்கு மன்னிப்புக் கேட்கவும் மாட்டேன். டோஸ்ட் இனி ஓட மாட்டான், அது முடிந்த பேச்சு. நீ வீட்டுக்கு வருகிறாயா, இல்லையா? கீழே இடம் விட்டிருக்கிறேன். சீக்கிரம் பதில் எழுது.