பெட்டிக்குள் ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு

ஏப்ரல் 22, செவ்வாய். குவாதலஹாரா

ஈஸ்டர் வாரம் முடிந்து தெருவே கடற்கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறது. ஆளுக்கொரு தோல் உரிந்த மூக்கு, கார் நிறைய மணல். எல்லாரும் வீடு திரும்புகிற நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் எவரிஸ்தோ காப்பியை ஊதிக்கொண்டே சொல்கிறார்: "கெழவி, நாமளும் ஒரு சுத்து கடற்கரைப் பக்கம் போய்ட்டு வரலாமா?"

வாழ்நாளெல்லாம் அந்தக் கடற்கரை ஊர்களில் கடை கடையாக ஏறித் தொப்பியும் நீச்சல் உடையும் விற்ற மனுஷன். ஒரு தடவையாவது என்னைக் கூட்டிப் போயிருப்பாரா? கேட்டால், "வேலைக்குப் போறேன், ஊர் சுத்தவா போறேன்?" என்பார். வேலையை விட்டு இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது என்ன திடீர்ப் பாசம்?

மத்தியானம் எதிர்வீட்டு மருமகள் ஹெனோவேவா கைக்குழந்தையோடும் கேக் டப்பாவோடும் வந்தாள். டப்பாவைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்று ஞானஸ்நானம் செய்து வைக்க வேண்டுமாம். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். இப்படிக் கேட்டு வந்தவர்களை மறுப்பது எங்கள் பக்கத்தில் முகத்தில் அறைவதற்குச் சமம். தெரியும். ஆனால் என் தங்கை பிள்ளையை நான்தான் கோயிலில் ஏந்தி நின்றேன். அந்த மாதமே காய்ச்சலில் போய்விட்டான். "ஒப்துலியாவுக்குக் கைராசி கெடையாது" என்று அன்று ஆரம்பித்த பேச்சு. ஊர்ப் பேச்சு கிடக்கட்டும், எனக்கே இந்தக் கைமேல் நம்பிக்கை போய்விட்டது. அதற்கப்புறம் யார் பிள்ளைக்கும் நான் நின்றதில்லை.

கேக் நன்றாக இருந்தது. தின்னும்போது வெட்கமாகவும் இருந்தது.

ஏப்ரல் 24, வியாழன். வயார்த்தா

பேருந்தை விட்டு இறங்கியதும் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் பிடித்துக்கொண்டான். "அம்மா, காலைச் சாப்பாடு இலவசம், ஓட்டலை ஒரு தடவை சுத்திப் பார்த்தாப் போதும்." போனவர்கள் சாயங்காலம் பேச்சில் மயங்கிப் பணம் கட்டி, ஓர் அறையின் கால்பங்குக்குச் சொந்தக்காரர்களாக வெளியே வருவார்கள் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "தம்பி, எனக்கு ஏற்கெனவே பொய் சொல்ல வீட்டுல ஒரு ஆள் இருக்கு" என்றேன். பையன் சிரித்தான். எவரிஸ்தோ சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை?

குச்சியில் குத்திச் சுட்ட மீன், எலுமிச்சை, மிளகாய்ச் சாறு. எப்போதும் இரண்டு குச்சி தின்கிற ஆள் பாதியிலேயே வைத்துவிட்டார்.

ஏப்ரல் 25, வெள்ளி

துண்டு எடுக்க அவர் பெட்டியைத் திறந்தேன். அடியில், சட்டைகளுக்குக் கீழே, காகிதத்தில் சுற்றி ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு. உயர்ந்த குதி, முன்னால் முத்து வைத்தது, புத்தம் புதிது. என் காலை உள்ளே விட்டுப் பார்த்தேன். பாதிதான் போயிற்று.

ஏப்ரல் 27, ஞாயிறு. பார்ரா

கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது கதை கட்டுவார். வியாபாரி வாய். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் சரி.

இந்த ஊரில் கடைக்குக் கடை அவரைத் தெரிகிறது. "எவரிஸ்தோ அண்ணே, எங்க ஆளையே காணோம்!" என்று முதுகில் தட்டுகிறார்கள். ரெஃபூகியோ என்று ஒரு தொப்பிக்கடைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவங்கதானா அவங்க? அப்பாடா, ஒருவழியா கூட்டிட்டு வந்துட்டீங்களே! அங்க பாவம், புள்ள வாசலையே பார்த்துக்கிட்டுக் கெடக்கு."

எவரிஸ்தோ அவசரமாக ஒரு தொப்பியை எடுத்து என் தலையில் கவிழ்த்தார். "இது உனக்கு எடுப்பா இருக்கு கெழவி, பாரு, கண்ணாடியில பாரு." கண்ணாடியில் பார்த்தேன். என் தலைக்குப் பின்னால் அவர் அவளைப் பார்த்து விரலை உதட்டில் வைப்பது நன்றாகவே தெரிந்தது.

எந்தப் புள்ள? எந்த வாசல்?

ஏப்ரல் 28, திங்கள்

இன்றே மன்சனில்யோ கிளம்புவதாகப் பேச்சு. காலையில் வயிறு சரியில்லை என்றார். மத்தியானம் ஒரு முழு மீனை முள்ளோடு தின்றார். வயிறு சரியில்லாதவர் தின்கிற தீனியா அது? போக வேண்டிய இடத்துக்குப் போகவும் மாட்டேன் என்கிறார், திரும்பவும் மாட்டேன் என்கிறார். எதற்கோ பயப்படுகிறார். எனக்குத்தான், வேறு யாருக்கு.

வெயிலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். இந்தக் கடலோரம் வேலை பார்த்த ஆண்களுக்கெல்லாம் ஒரு சின்ன வீடு இருக்கும் என்று என் அம்மா அந்தக் காலத்திலேயே சொன்னாள். "என் ஆளு அப்படி இல்ல" என்று எதிர்த்துப் பேசினேன். நல்ல வேளை, அவள் இதையெல்லாம் பார்க்க இல்லை.

ஏப்ரல் 30, புதன். மன்சனில்யோ

பிடித்துவிட்டேன்.

சாயங்காலம் வேர்க்கடலை தூவிய தென்னம் பதநீர் வாங்கி வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை. நான் பின்னாலேயே போனேன். கடலோரச் சுவரில் உட்கார்ந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, போனில்:

"இன்னும் சொல்லலே மகளே... அவளுக்கு இது தெரிஞ்சா தாங்க மாட்டா... கட்டாயம் வருவேன், சனிக்கெழம உன் பக்கத்துல நான் நிப்பேன். செருப்பு வாங்கிட்டேன், அழகா இருக்கு. அம்மாகிட்ட சொல்லு."

மகளே! எனக்குக் கடவுள் கொடுக்காததை அவர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். செருப்பு வெள்ளை, அதுவும் குதி வைத்தது என்றால் பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைகிறது, வேறென்ன. பதினைந்து நிறைகிற விழாவில் பெண்ணின் காலில் முதல் குதிச் செருப்பை மாட்டிவிடுவது யார்? அப்பன்தான்.

பதநீரை வாங்காமலே திரும்பி வந்து, "வித்துப் போச்சாம்" என்றான். ஆமாம், "என்றான்". இனி மரியாதை வேறு கேடா?

மே 1, வியாழன்

ஊருக்குத் திரும்பப் பேருந்து நிலையம் வரைக்கும் போனேன். டிக்கெட் எடுக்கவில்லை. நான் ஏன் ஓட வேண்டும்? அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

மே 2, வெள்ளி. குயூத்லான்

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

வயார்த்தா போலப் பகட்டான ஊர் இல்லை இது. கறுப்பு மணல், கால் வைத்தால் கொப்பளிக்கும். பலகை போட்டிருக்கிறார்கள், அதன்மேல்தான் நடக்க வேண்டும். அவன் முன்னால், நான் பின்னால். வேர்த்து வழிந்துகொண்டே சொன்னான்: "கெழவி, இங்க ஒருத்தங்க வீட்டுக்குப் போகணும்."

"யாரு வீடு? உங்க சின்ன வீடா?"

பலகையிலிருந்து கால் தவறி மணலில் வைத்து, சுட்டுக்கொண்டு துள்ளினான். "என்னது?" என்றான். நல்ல நடிப்பு என்று நினைத்தேன்.

ஓலைக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை. முன்னால் வாடகைக் குடைகள். பணியாரச் சட்டி மாதிரி தலை பூராவும் முடி சுருட்டும் உருளைகள் மாட்டிக்கொண்டு ஒரு நெட்டைப் பெண் ஓடி வந்தாள். முதலில் மூக்கைத்தான் பார்த்தேன். எவரிஸ்தோவுக்குக் கிளி மூக்கு. இவளுக்குச் சப்பை. சரி, அம்மா ஜாடை என்று வைத்துக்கொண்டேன். பின்னாலேயே அம்மாக்காரி எலோய்சா, மாவுக் கையோடு. அவளுக்கும் கூரான மூக்குத்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவன் பெட்டியிலிருந்து காலையிலேயே என் பைக்கு மாற்றி வைத்திருந்த செருப்பை எடுத்து மேசைமேல் போட்டேன்.

"இது யாரு காலுக்குய்யா? எல்லாரும் இருக்கும்போதே சொல்லு!"

அந்தப் பெண் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு அப்படியே முழங்காலிட்டாள்.

"என் காலுக்குத்தான் ஞானம்மா. ஆசீர்வாதம் குடுங்க."

"யாருடி உனக்கு ஞானம்மா?"

"நீங்கதான். எம் பேரே அராசெலி ஒப்துலியா. உங்க பேரை வெச்சதால ஸ்கூல்ல என்னைய எப்படிக் கிண்டல் பண்றாங்க தெரியுமா?"

அந்த நேரம் பார்த்து ஒரு கூடை மீனோடு வந்து நின்றார் ஓர் ஆள். மாசெதோனியோ, எலோய்சாவின் புருஷன். அதே சப்பை மூக்கு, அச்சில் வார்த்த மாதிரி. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

எவரிஸ்தோ அப்புறம்தான் பேசினார். (மரியாதை திரும்பி வருகிறது, மெதுவாக.)

"என்னைய ஞானத்தகப்பனா நிக்கச் சொன்னாங்க. மறுக்க முடியுமா? சாமியார், 'ஞானத்தாய் யாரு?'ன்னாரு. கட்டின பொண்டாட்டி இருக்கும்போது வேற எவ பேரைச் சொல்றது? உன் பேரைச் சொல்லிட்டேன். வர முடியாதவங்களுக்குப் பதிலா ஒருத்தர் நின்னாலே கோயில்ல செல்லும். உன் எடத்துல மாசெதோனியோவோட அக்கா நின்னு புள்ளய ஏந்திக்கிட்டா."

"இத்தனை வருஷமா ஏன்யா எங்கிட்ட மூச்சு விடலே?"

"சொன்னா இந்தப் புள்ளையோட ஒவ்வொரு தும்மலுக்கும் நீ செத்துச் செத்துப் பொழச்சிருப்ப. மொத வருஷம் நானே பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவ வளர்ந்துட்டா."

எலோய்சா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நாலு வயசுல இவளை அலை இழுத்துட்டுப் போயிருச்சு. இந்த ஊருல மே மாசத்து அலை எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியாது, பச்சையா, கூரை ஒசரத்துக்கு எழும்பும். அடுத்த அலை இவளைக் கொண்டாந்து கரையில போட்டுட்டுப் போச்சு. ஒரு கீறல் இல்ல. ஊரே சொல்லுச்சு, இவளோட ஞானத்தாய்க்கு நல்ல கைராசின்னு."

எனக்கு. கைராசி. எனக்கா?

அங்கேயே, மீன் கூடைக்குப் பக்கத்தில், எல்லார் முன்னாலும் அழுதேன். எவரிஸ்தோவைத் தோளில் ஓர் அடி அடித்தேன், நன்றாக வலிக்கிற மாதிரி. சின்ன வீடு என்று நினைத்ததற்காக அவரும் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். பொய். சொல்லியிருக்க மாட்டார்.

மே 3, சனி

கோயிலில் நன்றி பூசை, பிறகு ஓலைக் கூரைக்குக் கீழே விருந்து. இளஞ்சிவப்பு உடுப்பில் அராசெலி நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பை மாட்டிவிட மாசெதோனியோவைத்தான் கூப்பிடுவார்கள் என்று பார்த்தால், அவர் அதை என் கையில் கொடுத்தார்.

முடியாது என்றேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை குனிந்து என் காதில் சொன்னாள்: "பதினஞ்சு வருஷமா உங்க பேரைச் சொமந்துக்கிட்டுத் திரியறேன். ஒரு வாரை மாட்டிவிடக் கூடாதா?"

முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. எவரிஸ்தோ ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். இடது கால் முதலில். வார் ஓட்டைக்குள் போகாமல் என் விரல் தடுமாறிற்று.

"இறுக்கிப் போடுங்க ஞானம்மா, விடிய விடிய ஆடணும்."

இறுக்கிப் போட்டேன். ஆடினாள். எவரிஸ்தோவோடும் ஆடினாள், அவர் காலை மிதித்தாள். நான் போட்ட செருப்பு கழலவில்லை.

மே 5, திங்கள். பேருந்தில்

ஒருவழியாக, ரெஃபூகியோ கடையில் அன்று அவர் வாங்கிய தொப்பியைத் தலையில் வைத்திருக்கிறேன். எடுப்பாகத்தான் இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

மே 19, திங்கள். குவாதலஹாரா

கேக் டப்பாவோடு தெருவைத் தாண்டி ஹெனோவேவா வீட்டுக் கதவைத் தட்டினேன். பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லையாம். யாராவது கிடைத்துவிட்டார்களா என்று கேட்டேன். டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு முழங்கால் வலின்னு சொன்னீங்களே அத்தே?"

"வலிதான். புள்ளயக் கையாலதானே ஏந்தணும்?"