பக்கத்துக் கட்டில்காரரின் கார்டு

ஆடி 12, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று ஒரு கிட்னி நோயாளியைப் பார்த்து வயிறு எரிந்தேன். எனக்கும் கிட்னி போய்விட்டது என்பதுதான் ஒரே ஆறுதல்.

சிதம்பரத்தில் டயாலிசிஸுக்கு என் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் கிள்ளை ஊர்க்காரர் ஆரோக்கியம், என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி. அதே மெஷின், அதே நாலு மணி நேரம். அவருக்கு அரசுக் காப்பீட்டுக் கார்டு. ஒரு பைசா செலவில்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டாயிரம். வாரம் மூன்று தடவை வரச் சொல்கிறார் டாக்டர். மனைவியின் வளையல்களை விற்று இரண்டு தடவைதான் போகிறேன். கால் வீங்கிக்கொண்டே இருக்கிறது.

"மாமா, நீங்க பெரிய எடம், காசக் கட்டிட்டுப் படுக்குறீங்க. எங்களுக்குக் கார்டாலதான் உசுரு ஓடுது" என்றார் ஆரோக்கியம்.

"ஆமா மச்சான், பெரிய எடம்தான்" என்றேன். ஊசியைவிட அது வலித்தது.

கார்டுக்காக வருமானம் விசாரிக்க வி.ஏ.ஓ. வந்த அன்று, மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டுமென்று வருமானத்தை மூன்று மடங்காக்கிச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். சம்பந்தமும் அமையவில்லை.

உண்மை வருமானத்தைச் சொன்னால் இப்போதும் கார்டு கிடைக்கும் என்று நர்ஸ் போன மாதமே சொல்லிவிட்டாள். ஆரோக்கியத்துக்குத் தெரிந்துவிடுமே என்று நான்தான் போகவில்லை.